மோத்தா சாலைக் குலுக்கல்

எங்கிருந்து வந்தது இந்தத் தோள் ஆட்டம் என்று கேட்டாள்.
அடிஸ் அபாபாவிலிருந்து வந்திருந்தாள், பெயர் ஹிருத்.
நோட்டின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே கோடு கிழித்து
இடப்பக்கம் ‘தோற்றம்’, வலப்பக்கம் ‘பொருள்’.

யாரைக் கேட்கிறாள்? என்னை.
பஹிர் தாரிலிருந்து மோத்தாவுக்கு
நாளைக்கு இரண்டு நடை போகும் மினிபஸ்ஸின்
கதவில் தொங்கிக் காசு வாங்குபவன் நான்.
சொன்னேன்:
அந்தச் சாலையில் ஒரு தடவை வாருங்கள் அக்கா.
சல்லி பெயர்ந்த மேட்டில் ஏறி இறங்கும்போது
பாதிரியார் குலுங்குவார், முட்டைக் கூடைக்காரி குலுங்குவாள்,
கால் கட்டிய சேவல் குலுங்கும்.
ஊர் வந்து இறங்கினாலும் தோள் நிற்காது.
அவ்வளவுதான் தோற்றம்.

சிரித்தாள். எழுதவில்லை.

மசின்கோ வாசிக்கும் முலூகென்
வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டே
பாம்பு என்றான்.
படமெடுக்குமுன் கழுத்தில் ஓடுமே, அந்த உதறல்.
அதை எழுதிக்கொண்டாள்.
(போன வாரம் வேறொருவரிடம்
சேவல் என்றவன்தான் இவன். காசு கொடுத்தால்
ஒட்டகச்சிவிங்கி என்றும் சொல்வான்.)

தேஜ் ஊற்றும் எனாத்நெஷ் ஒத்துக்கொள்ளவில்லை.
குதிரையைப் பார்த்ததில்லையா நீ?
கால் அசையாது, வால் அசையாது,
ஈ உட்கார்ந்த இடத்தில்
உள்ளங்கை அகலத் தோல் மட்டும்
தானாக விதிர்க்கும்.
எனக்கும் ஈக்கள் உண்டு, பெண்ணே.
கடன்காரன் ஓர் ஈ. என் மூத்த மகன் ஓர் ஈ.
ராத்திரி உதறிவிடுகிறேன்.
விடிந்ததும் திரும்ப வந்து உட்காருகின்றன.

‘பொருள்’ பக்கம் காலியாகவே இருந்தது.
பேனாவால் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள் ஹிருத்.
சந்தோஷமா? சண்டையா? அழைப்பா?
குலுங்கிச் சிரிக்கிறோம், குலுங்கி அழுகிறோம்,
தோளுக்கு வித்தியாசம் தெரியுமா என்றது
சுவரோரம் ஒரு குரல்.
விளக்கு அதுவரை எட்டவில்லை.

அந்த மூலையிலிருந்துதான் ஃபந்தஹூன் எழுந்தான்.
போர்முனையிலிருந்து திரும்பி இரண்டு மாதம்.
அதே முக்காலி, அரைக் குடுவை தேஜ்,
வலது சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பான்.
யாரும் அழைக்கவில்லை.
முலூகென் பார்த்தான், ஒற்றைத் தந்தியை முடுக்கினான்.

முதலில் இடத்தோள், யாரையோ கேட்பதுபோல.
பிறகு மோவாய்.
பிறகு வலத்தோள்.
இழுத்துப் பிடிக்கப் பாரம் இல்லாததாலோ என்னவோ
அது இடதைவிட வேகமாய்ப் பறந்தது.
ஊக்கு தெறித்து எங்கோ விழுந்தது.
சட்டைக்கை அவிழ்ந்து
காற்றைப் போட்டு அடித்தது.

இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை:
இந்த ஆட்டத்தில் கைக்கு வேலையே கிடையாது.
இடுப்பில் ஊன்றி
ஓரமாய் நிறுத்திவைக்கிறோம்,
சரக்கு இறக்கும்வரை வண்டியை நிறுத்துவதுபோல.

எனாத்நெஷ் குலவையிட்டாள்.
இந்த ஆட்டத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.
நோட்டை என் மடியில் போட்டுவிட்டு
ஹிருத் எழுந்தாள்.
நன்றாக ஆடினாள் என்று சொல்ல மாட்டேன்.
முழங்கையால் ஆடினாள், பட்டணத்துக்காரி.
அவன் பார்வை அவள் தோளில்,
அவள் பார்வை அவிழ்ந்த துணியில் இருந்து மெல்ல ஏறி
அவன் தோளில்.
வியர்த்தார்கள்.

என் மடியில் இரண்டு பத்தி.
பேனாவும் இருந்தது.
எனக்கு எழுத்து சுமார்தான். மூடிவைத்தேன்.

காலை ஆறு மணி நடையில்
முன்சீட்டில் ஃபந்தஹூன்.
காசு வாங்கினேன். வாங்காவிட்டால் அடிப்பான்.
சல்லி மேட்டில் ஏறியதும்
பாதிரியார், முட்டைக்காரி, சேவல்,
எல்லாரும் ஆரம்பித்தோம்.
அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.
சட்டைக்கையை இந்தமுறை நூலால் தைத்திருந்தான்,
கறுப்புச் சட்டையில் சிவப்பு நூல்.

ஊக்கு என் சில்லறைப் பையில் கிடக்கிறது.
கேட்டால் கொடுப்பேன்.